வழியில் உடைந்தது

அந்தக் கட்டடத்துக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு காலத்தில் தடய அறிவியல் ஆய்வகமாக இருந்த இடம். ஆட்கள், கருவிகள், நாற்காலிகள் எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. முடிந்துபோன பழைய வழக்குகளின் சான்றுப் பொருள்கள் மட்டும் ஒரு நீளமான அறையில் மிச்சமிருந்தன. கதவைத் திறந்ததும் சாக்கு வாடை. அதற்கு அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒன்று. அதற்கும் அடியில் மருந்தும் அல்லாத, அழுகலும் அல்லாத ஏதோ ஒன்று.

நான் பயந்த சுபாவம் கொண்டவன் அல்ல. ஆறு வருடம் ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்த்தேன். பகலில் தூக்கம் வராமல் போனதால்தான் அதை விட்டேன். இது பகல் வேலை என்பதால் ஒப்புக்கொண்டேன். நான் சொல்லப்போவதில் எதுவும் நள்ளிரவில் நடக்கவில்லை. நடந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று சொல்லிக்கொண்டு போயிருப்பேன்.

வேலை எளிது. ஐம்பது வருடத்துக்கு மேலான பொருள்களைப் பட்டியல் போட வேண்டும். துணியும் மரமும் பின்னால் இருந்த குழிக்கு, எரிக்க. பிளாஸ்டர் வார்ப்புகள் எரியாது என்பதால் அவற்றைச் சுத்தியலால் நொறுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அழிக்கப்பட்டது' என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் சூப்பிரண்டு வந்து அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவார்.

எனக்குத் துணையாக ஒரே ஒருவர், ஓய்வு பெற நான்கு மாதம் இருந்த கடைநிலை ஊழியர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து கிலுங்குவதால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர்.

"இங்க எதையும் தூக்கிப் போட மாட்டாங்க தம்பி," என்றார் முதல் நாளே. "உடைஞ்ச பீங்கான் துண்டுக்குக்கூட நம்பர் இருக்கும். தூக்கிப் போடணும்னா கையெழுத்து வேணும். கையெழுத்துப் போட எவனுக்கும் தைரியம் இல்ல. அதான் இத்தனையும் குவிஞ்சு கெடக்கு."

சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. மீசை வைத்த ஒரு ஏட்டு. அவருக்கு முன்னால் மேஜையில் இரண்டு பிளாஸ்டர் பாதங்கள். 'கால் ஏட்டு' என்று பெயராம். தடம் பார்த்தே ஆளைப் பிடிப்பாராம். அந்தப் படத்திலிருந்த வழக்கு அந்த வட்டாரத்திலேயே காலடி வார்ப்பை வைத்துத் தீர்ப்பான முதல் கொலை வழக்கு. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பாடமே அதுதானாம்.

ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. வயலில் வாய்க்கால் ஓரம் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். பின்மண்டையில் மண்வெட்டிக் காம்பால் அடி. பக்கத்துச் சேற்றில் ஒரே ஒரு வெறுங்கால் தடம். ஏட்டு அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுத்தார். முந்தின நாள் அவளோடு சண்டை போட்ட கணவனைப் பிடித்து, ஸ்டேஷனில் மணல் நிரப்பிய தட்டில் நடக்க வைத்து இன்னொரு வார்ப்பு எடுத்தார். இரண்டையும் நீதிபதி முன்னால் அருகருகே வைத்தார்கள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி, குதிகாலில் இருந்த வெடிப்பு, எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின. பதினோரு மாதத்தில் தூக்கு. உடலைச் சிறைக்குள்ளேயே புதைத்தார்கள்.

அந்த இரண்டு பாதங்களும் பதினான்காம் அலமாரியில், ஒரு மரப்பெட்டியில் இருந்தன.

இரண்டாவது வாரம் ஒரு அம்மா வந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மனு. வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார்.

"அதெல்லாம் வேண்டாம்மா, உள்ள ஒரே தூசி," என்றேன்.

"எங்கப்பா கால் இங்க இருக்குன்னு சொன்னாங்க தம்பி."

கிறுக்கோ என்று நினைத்தேன். இல்லை. செத்த பெண்ணின் மகள். தூக்கில் தொங்கியவனின் மகளும் அவர்தான். அப்போது வயது ஏழு.

"எனக்கு அப்பா முகம் ஞாபகம் இல்ல. ஒரு போட்டோ கிடையாது. உடம்பையும் குடுக்கல. அம்மாவ மண்ணுல வச்ச எடம் தெரியும், போய் ஒக்காந்துட்டு வருவேன். இவருக்கு ஒண்ணுமே இல்ல. இங்க எல்லாத்தையும் ஒடைக்கப் போறதா பேப்பர்ல போட்டிருந்தான். அந்தக் காலையாவது குடுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்."

"கோபம் இல்லையாம்மா?"

"அம்பது வருசம் இருந்துச்சு. கொன்னவருதான், இல்லைங்கல. ஆனா அப்பனாச்சே. கோர்ட்டுல என்னைய ஸ்டூல் மேல நிக்க வச்சாங்க. அப்பா அம்மாவ அடிப்பாருன்னு சொன்னேன். மாமா சொல்லச் சொன்னத அப்படியே சொன்னேன். அவரு கூண்டுலேருந்து என்னையே பாத்துட்டிருந்தாரு. பாத்தது ஞாபகம் இருக்கு, மொகம்தான் இல்ல."

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். அவர்தான் இவரை எடுத்து வளர்த்தார். அம்மா பெயரில் இருந்த நிலத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

"தங்கமான மனுஷன். எங்களுக்கு ஒரு குறை வச்சதில்ல. சின்ன வயசுல மண்வெட்டி பட்டு ஒரு கால்ல சுண்டுவிரல் போயிடுச்சு. 'மாமா, உனக்கு விரல் விட்டு எண்ணத் தெரியாது, ஒம்பதுலயே நின்னுடுவே'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம், சிரிப்பாரு. நாலு மாசம் முந்தி தவறிட்டாரு. கடைசில நெனவு தப்பின பிறகும் ஒரே கேள்விதான். 'அந்தக் கால் அச்சு இன்னும் ஆபீசுல இருக்கா, ஒடைச்சுட்டாங்களா?' பாவம், மச்சான் மேல அவ்வளவு பாசம்."

சூப்பிரண்டைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை சாவிக்காரர் பூட்டைத் திறந்தார். நான் முதலில் உள்ளே போனேன்.

இரண்டு வாரமாக வார்ப்புகளை நொறுக்கியதில் தரை முழுக்க வெள்ளைத் தூசி. அதில் வெறுங்கால் தடங்கள்.

வாசலிலிருந்து பதினான்காம் அலமாரி வரை போயிருந்தன. திரும்பி வரவில்லை.

"உங்க வேலையா?" என்றேன்.

"நானா? செருப்பு இல்லாம நான் குளிக்கக்கூட போக மாட்டேன் தம்பி," என்றவர், தடத்தைப் பார்த்ததும் சாவிக்கொத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், சத்தம் வராமல்.

ஜன்னல்களுக்குக் கம்பி. கூரையில் ஓட்டை இல்லை. அறையில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வெளிச்சத்தில் பயப்படுவதற்கு வெட்கமாக இருந்தது.

கூட்டித் தள்ளினேன். சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறுபடி இருந்தன.

மூன்றாம் நாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை பத்தே கால் அங்குலம். பெட்டியிலிருந்த பிளாஸ்டர் பாதத்தை எடுத்து அளந்தேன். பத்தே கால். வலது காலில் நான்கு விரல்தான் பதிந்திருந்தது. தூசி அந்த இடத்தில் மெல்லிசு, சுண்டுவிரல் அழுந்தவில்லை என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஊரில் பாதி ஆண்களுக்கு அந்த அளவு கால்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தடம் முதன்முதலில் எந்த நாளுக்கு மறுநாள் வந்தது என்றும் யோசிக்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் கையில் இருந்தது. அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடி வந்தபோது, சொல்லியிருக்கக் கூடாததைச் சொன்னேன்.

"அப்பா இங்கதாம்மா இருக்காரு."

தடங்களைக் காட்டினேன். அழுவார், அல்லது அலறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, தூசியைத் தொடாமல், தடத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார், அடுப்பில் சூடு பார்ப்பது மாதிரி.

சூப்பிரண்டு முடியாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதை அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

"ஒடைச்சதா எழுதிட்டுக் குடுத்துடு தம்பி," என்று சாவிக்காரர் என் காதோரம் கிசுகிசுத்தார். "செத்த ஆளு எந்திரிச்சு வந்து கேஸா போடப் போறாரு?"

அப்படியே எழுதினேன். மணல் தட்டில் எடுத்த வார்ப்பை, அவர் அப்பாவின் பாதம்தான் என்பதில் சந்தேகமில்லாத அந்த ஒன்றை, எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு எங்களைப் பார்க்காமல், அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

"வாப்பா, வீட்டுக்குப் போலாம். என்னோட வா. பஸ்ஸுல கூட்டமா இருக்கும், கையப் புடிச்சுக்கோ."

அறையில் அசைவில்லை. அவர் நடந்து வெளியே போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். வராண்டாவின் சிவப்புத் தரையில் அவருடைய செருப்புத் தடம் வெள்ளையாக விழுந்துகொண்டே போயிற்று.

அதற்குப் பின்னாலேயே, ஒரு முழம் தள்ளி, இன்னொரு தடம்.

வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வருகிறது.

பெட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வைக்கோலும் கிழிந்த சாக்குமாக அடைத்திருந்தார்கள். கடைசிச் சாக்கை உருவியபோது கனத்தது. அவிழ்த்துக் கொட்டினேன். பிளாஸ்டர் துண்டுகள், பதினேழு. ஒவ்வொன்றின் முகத்திலும் கறுப்புக் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. கூடவே மடித்த தாள், பென்சில் எழுத்து.

'சம்பவ இடத்து வார்ப்பு. ஈரம் காயாமல் எடுத்ததில் வண்டியில் வழியில் உடைந்தது. மறு வார்ப்பு எடுக்கப்பட்டது.'

கீழே கால் ஏட்டின் கையெழுத்து.

மறு வார்ப்பு. எங்கிருந்து? அன்றைக்கே வாய்க்கால் தண்ணீர் ஏறித் தடத்தைக் கரைத்துவிட்டது என்று கோப்பில் இருக்கிறது.

பெட்டியில் மிச்சமிருந்த மற்ற வார்ப்பை, 'சம்பவ இடம்' என்று சீட்டு ஒட்டியதை, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். அதன் இடுக்குகளில் வெள்ளை மணல் மின்னியது. சலித்த ஆற்று மணல். சேற்றில் எடுத்த வார்ப்பில் ஆற்று மணல் எப்படி வரும்? அது ஸ்டேஷன் தட்டில் எடுத்தது. ஒரே மனிதனை இரண்டு தடவை நடக்க வைத்து, அவன் காலை அவன் காலோடே ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஏட்டு கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. களிமண்ணைக் கழுவிப் பார்க்குமுன்பே வார்ப்பு உடைந்திருக்கும். நிபுணர் வருகிற நாளில் வார்ப்பு உடைந்துவிட்டது என்று சொல்லப் பயந்திருப்பார். ஆள்தான் கையில் இருக்கிறானே, எப்படியும் அவன்தானே என்று நினைத்திருப்பார். ஆனால் உடைந்ததற்கு நம்பர் போட்டாயிற்று. தூக்கிப் போட யார் கையெழுத்துப் போடுவது? சாக்கில் கட்டி அதே பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். அவனைத் தூக்கில் போட்ட பிறகும் அது அங்கேயே இருந்தது.

துண்டுகளை மேஜையில் பரப்பிச் சேர்த்தேன். குதிகால். நடுப்பாதம். பெருவிரல். இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்தாவதற்குத் துண்டு தேடினேன். சாக்கை உதறினேன். தரையில் தவழ்ந்து தேடினேன்.

துண்டு எதுவும் குறையவில்லை. நான்காவது விரலுக்குப் பக்கத்தில் விளிம்பு மழுங்கி முடிந்திருந்தது.

வலது கால்.

ஒன்பதிலேயே நின்றுவிடும் மாமா.

அந்த அம்மா முதல் தடவை இங்கே வந்த அன்று அது அவர் பின்னாலேயே வந்திருக்கிறது. இந்தச் சாக்கைத் தேடித்தான் வந்திருக்கிறது. அதைப் போய் நான் அப்பா என்று சொன்னேன். அவர் கூப்பிட்டார்.

மனுவில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். மாலை ஆறு மணி இருக்கும், வெளிச்சம் இன்னும் போகவில்லை.

"சொல்லு தம்பி!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ரெண்டு டிக்கெட் எடுத்தேன். கண்டக்டர் 'இன்னொரு ஆளு எங்கம்மா'ன்னான். வர்றாருன்னு சொல்லிட்டேன். வந்துட்டாரு தம்பி. வீட்டுக்குள்ளயே வந்துட்டாரு. சிமெண்டுத் தரையில வெள்ளையா, அழகா."

"அம்மா, நான் சொல்றத கேளுங்க. வலது கால்ல எத்தனை விரல் இருக்குன்னு எண்ணுங்க."

"எதுக்கு?"

"எண்ணுங்கம்மா."

குனிகிற மூச்சுச் சத்தம் கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு."

நான் காத்திருந்தேன்.

"நாலு," என்றார் மறுபடி. "தூசி பத்தாம இருக்கும்."

நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டேன். பென்சில் தாளில் இருந்ததை வாசித்தேன். துண்டுகளைப் பற்றிச் சொன்னேன். மணலைப் பற்றிச் சொன்னேன். ஒரு கட்டத்தில் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப அப்பா பண்ணல."

"இல்லம்மா."

"நான் ஸ்டூல்ல ஏறிச் சொன்னேனே."

பென்சில் தாளை மடித்து மேஜையில் வைத்தேன்.

"சாகுற வரைக்கும் இவரு கையாலதான் நான் சாப்பிட்டேன், தம்பி," என்றார். பிறகு குரல் இறங்கியது. பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி. "நான்தானே வான்னு கூப்பிட்டேன். இப்ப எப்படிப் போன்னு சொல்றது?"

அப்போது ஒரு சத்தம் வந்தது. மூன்று வாரமாக நான் தினமும் கேட்ட சத்தம். பிளாஸ்டர் தரையில் விழுந்து நொறுங்குவது.

"கைபடல," என்று கிசுகிசுத்தார். "நான் கைபடவே இல்ல."

வெள்ளிக்கிழமை சூப்பிரண்டிடம் துண்டுகளையும் தாளையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இப்ப என்ன பண்ணணும்ங்கிறீங்க? தூக்குல போட்டவன இறக்கி விடணுமா? கொன்னவனும் செத்துட்டாங்கிறீங்க. ஏட்டும் போயாச்சு, ஜட்ஜும் போயாச்சு. இந்தக் கேஸப் பாடமா வேற நடத்துறோம். இதுல இன்னைக்குக் கையெழுத்துப் போட யாரு இருக்கா?"

"அந்த அம்மா இருக்காங்க சார்."

"அவங்க மனு தள்ளுபடி. ஒரு வார்ப்ப ஒடைச்சதா எழுதியிருக்கீங்களே, அதோட பொடி எங்கன்னு நான் கேக்கவா?"

அன்று மத்தியானமே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, பதினேழு துண்டுகளையும் சுத்தியலால் அடித்துப் பொடியாக்கினேன். தாள் குழிக்குப் போயிற்று. 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாகும்வரை அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்த காரியத்தை முடித்துக் கொடுத்தவன் நான்தான்.

அதன் பிறகு ஆய்வக அறையில் தடம் விழவில்லை. சாவிக்காரர் வாசலில் நிற்காமல் தைரியமாக உள்ளே வந்து டீ குடித்தார்.

அந்த அம்மா தினமும் மாலையில் கூப்பிட்டார். துண்டுகளை நொறுக்கியதை முதல் நாளே சொல்லிவிட்டேன். புகார் சொல்லவில்லை. தினம் கூட்டுவதாகச் சொன்னார். வீடு முழுக்கக் கழுவிவிட்டதாகச் சொன்னார். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் போய் இரண்டு நாள் இருந்தாராம். மூன்றாம் நாள் அங்கேயும் தரையில் வந்துவிட்டதால், அவர்களுக்குத் தெரியுமுன் துடைத்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். முதலில் வாசலோடு நின்றது இப்போது கட்டில் வரைக்கும் வருகிறது என்றார்.

"அங்க வந்து நிக்குது தம்பி. வெரலு எல்லாம் என் பக்கம் பாத்து."

வேறு யாரிடமாவது சொல்லுங்கள் என்றேன். யாரிடம் என்றார்.

கடைசியாகக் கூப்பிட்ட அன்று ஒரு விஷயம் கேட்டார்.

"அந்த அச்சு எடுக்குற மாவு எங்க தம்பி கெடைக்கும்? எப்படிக் கலக்குறது?"

சொன்னேன். பெயின்ட் கடையில் கிடைக்கும். தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற பதம். சுற்றிலும் அட்டையால் அணை கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் தரையில் இருப்பது வெறும் தூசிப் படலம், அதில் ஊற்றினால் தட்டையாகத்தான் வரும், அச்சு விழாது என்றும் சொன்னேன்.

"பரவால்ல. அழிச்சதுக்குப் பதிலா ஒண்ணு இருக்கட்டும்."

"அவசரப்பட்டுத் தூக்காதீங்கம்மா. முழுசா காயட்டும்."

"தெரியும்," என்றார். "வழியில ஒடைஞ்சுடும்."

எட்டு நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. துண்டில் சுற்றி, வைக்கோல் அடைத்து. அவருடைய எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்றுவரை போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். வீடு பூட்டியிருக்கிறது, வெளியூர் போயிருப்பார் என்றார்கள்.

துண்டைப் பிரித்தேன். உடையாமல் வந்திருந்தது. வலது பாதம், பத்தே கால் அங்குலம், நான்கு விரல்.

தட்டையாக இல்லை. கட்டைவிரல் ஆழத்துக்கு, முழு உடம்பின் கனத்தோடு சேற்றில் அழுந்திய பாதம். குதிகாலும் விரல்களும் தனித்தனியாக எழும்பி நின்றன. அவர் வீட்டுத் தரை சிமெண்டு.

முகம் முழுக்கக் கறுப்புக் களிமண் அப்பியிருந்தது. அது என் மேஜைமேல் மூன்று வாரமாக இருக்கிறது, ஜன்னல் ஓரத்தில், நேர் வெயிலில்.

களிமண் இன்னும் காயவில்லை.